அந்த அண்ணன் என்ன ஆனான்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் சிறுவர் பக்கத்தில் வந்த கதையைக் கண்டித்துக் கிள்ளான் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கதை இதுதான்: வாடகை கட்ட முடியாமல் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. அப்பா வேலை தேடி வெளியூர் போகிறார், அண்ணன் பாட்டியிடம் போகிறான், தங்கையும் அம்மாவும் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இரவு தங்குகிறார்கள். பிஞ்சு மனங்களுக்கு இந்தச் சோகமெல்லாம் எதற்கு, தெனாலிராமன் கதை போடலாமே என்பது அவர் வாதம்.

தெனாலிராமன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். அவர் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகள்தான் விடியற்காலையில் என் வேனில் ஏறுகிறார்கள். அதனால் பதில் எழுத வேண்டியதாகிவிட்டது.

வீடில்லாதவர் என்றால் கோலாலம்பூர் கடைவரிசையில், அஞ்சடி என்கிற கடை முன் நடைபாதையில் அட்டை விரித்துப் படுத்திருக்கிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி யாரையும் அதிகம் பார்க்க முடியாது. இங்கே வீடு போன குடும்பம் தெருவுக்கு வராது, உறவுக்காரர் வீடுகளில் பிரிந்து கரைந்துவிடும். அம்மா பினாங்குத் தொழிற்சாலை ஹாஸ்டலில், அப்பா ஜொகூர் பாருவில் ஓர் அறையில் தங்கித் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு, பெரிய பிள்ளை சித்தி வீட்டு ஹாலில், சின்னது பாட்டியோடு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லோர் தலைக்கு மேலும் கூரை இருக்கும். இந்த வாரம் பிள்ளையை எந்த வீட்டு வாசலில் ஏற்ற வேண்டும் என்று ஞாயிறு இரவு எனக்கு வாட்ஸ்அப் வரும். அதை வைத்துத்தான் ஒரு குடும்பம் எப்படி இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன். புத்தகப் பையோடு துணிப் பையும் ஏறினால் கேள்வி கேட்காமல் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. வேலை போனாலும், வயசாகி நின்றாலும், செத்தே போனாலும் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டத்து வீட்டுக்குத் தண்ணீர், கரண்டு, கக்கூஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1990-ல் வந்த சட்டம் இருக்கிறது. வீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் குடும்பம் அன்றிரவு எங்கே படுப்பது என்பதை அந்தச் சட்டத்தில் தேடிப் பயனில்லை. டவுனில் வாடகைக்குப் போனால் இரண்டு மாத முன்பணம், கரண்டுக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் சம்பாதித்த குடும்பத்துக்கு அந்த ஒரு நாள்தான் கண்டம்.

நான்காம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவான். ஒரு நாள் பையை மடியில் வைத்து, அதன் மேல் பள்ளிப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், வீட்டு முகவரின்னு கேட்டிருக்கு. எதை எழுதுறது?"

"பாட்டி வீட்டு முகவரியை எழுதுப்பா."

"அது பாட்டி வீடு இல்ல அங்கிள், மாமா வீடு. மாமா போன வாரம் சத்தம் போட்டாரு."

பென்சிலிலேயே எழுது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எழுதினான். வேன் குலுங்கியதில் எழுத்து கோணலாகப் போனது, அதை அழித்து மறுபடியும் அழகாக எழுதினான். சோகம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில்தான் முதல் முதலாக அறிமுகமாகிறது என்றா கிள்ளான் நண்பர் நினைக்கிறார்?

சரி, நம் பாட்டிமார் என்ன கதை சொன்னார்கள்? என் பாட்டி ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். பொழுது சாய்ந்தால் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசலில் எங்களை உட்கார வைத்து அரிச்சந்திரன் கதை சொல்வார். நாடு போய், அரண்மனை போய், காசியில் பெண்டாட்டியையும் மகன் லோகிதாசனையும் விலை பேசி விற்றுவிட்டு, சுடுகாட்டில் காவல் நிற்கிற ராஜா. பெண்டாட்டி பிள்ளை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தோட்டத்துத் திருவிழா என்றால் அதையே விடிய விடிய நாடகமாகவும் போடுவார்கள். பிள்ளைகளை யாரும் வீட்டுக்கு விரட்டியதில்லை, முன்வரிசைப் பாயே எங்களுக்குத்தான். பஞ்சத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்த நல்லதங்காளுக்கு அண்ணி கதவைச் சாத்திய கதையையும் பாட்டி சொல்வார். அது கிணற்றில் முடிகிற கதை. அதை மட்டும் என் பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் காதில் சோகமே விழக் கூடாது என்பது நம்மிடம் இருந்த வழக்கம் இல்லை. அது எங்கிருந்தோ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பாட்டியின் கதைகளில் ராஜா இல்லாத கதைகளும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 43-ல், தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பிடித்துச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் ரோடு போட அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. லயத்தில் மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும்தான். அப்புறம் 1948 ஜூன் 16-ல் எங்கள் எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்கார மேனேஜரான துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அவர்களை அடக்க அவசரகாலம் வந்தது, தொலைவில் இருந்த லயங்களைக் காலி செய்து ஜனங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து போட்டார்கள். அது முடிவதற்குள் தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பின. அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் பெரியவர்களுக்கு இருக்கிறது.

எனக்கு நேரில் தெரிந்தது சிவப்பு அடையாளக் கார்டு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தது. சிவப்புக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத்து ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். என் பெரியப்பாவும் ஏறினார். குடியுரிமைக்கு விண்ணப்பம் போடச் சொல்லி என் அப்பா தலைதலையாக அடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியே காலம் கடந்துவிட்டது. பெரியப்பா, பெரியம்மா, சின்னப் பிள்ளைகள் இரண்டும் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். மூத்த மகளை எங்களிடம் விட்டுவிட்டார்கள். அவள் இங்கே பிறந்தவள், படிப்பு கெடக் கூடாது, இவள் இங்கே இருந்தால் ஒரு நாள் தாங்களும் திரும்பி வர வழி பிறக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும், எனக்கு ஏழு. தகரப் பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் பெரியப்பாவின் பெயரையும் ஊரையும் அவள்தான் எழுதினாள். தோட்டத்தில் அழகான கையெழுத்து அவளுடையது. பெயர் எழுதி முடித்த பிறகு சாயம் மிச்சம் இருக்கிறது என்று பெட்டி மூடியைச் சுற்றிப் பூ வரைந்தாள். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அந்த அக்காவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், சாப்பிட்டியா தம்பி என்று பேச்சை மாற்றிவிடுவாள். பதின்மூன்று வயதுப் பெண்ணின் வாயால் இதைச் சொல்கிற கதை ஒன்றைக்கூடச் சிறுவர் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நரிக் கதை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இனி ஒரு மனத்தாங்கல். வீடில்லாத குடும்பங்கள் பத்திரிகையில் வராமல் இல்லை. வருகின்றன, படத்தோடு. ஒரு பத்திரிகையில், எது என்று சொல்லப் போவதில்லை, என் வேனில் வரும் ஒரு பையனின் குடும்பம் வந்தது. ஒரு பக்கம் ஒழுகும் கூரை, நடுவில் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பெரியவர்கள், ஓரத்தில் பள்ளிச் சீருடையில் அந்தப் பையன். கீழே அவன் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம். மறுநாளே வேனில் பெரிய பையன்கள் அவனுக்கு 'பெராஸ்' (மலாயில் அரிசி) என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அதட்டினால் அடங்குவார்கள், பள்ளி கேட்டில் இறங்கியதும் மறுபடி ஆரம்பிப்பார்கள். அரிசி கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வீட்டில் அரிசி தேவைதான். படம் எதற்கு என்றுதான் கேட்கிறேன். பாதுகாப்புக்கு எடுத்த பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று 2001-ன் சிறுவர் சட்டமே சொல்கிறது. அரிசி வாங்குகிற பிள்ளைக்கு மட்டும் மானம் இல்லையா?

கதை இந்த வேலையை வேறு மாதிரி செய்கிறது. கதையில் வரும் பிள்ளைக்குப் பள்ளி கிடையாது, வகுப்பு கிடையாது, யாரும் அடையாளம் காட்ட முடியாது. பின்சீட்டில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு மட்டும் அது யார் என்று தெரியும். உங்கள் கதையை என் வேனில் படித்தது ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி. ஞாயிறு பேப்பரை நான் திங்கட்கிழமை வேனில் போட்டு வைப்பது வழக்கம். அவள் அந்தப் பக்கத்தை மடிப்பில் எச்சில் தொட்டு, கிழியாமல் நிதானமாகப் பிரித்து எடுத்தாள். பிறகு முன்னால் வந்து கேட்டாள்: "அங்கிள், மீதிக் கதை எப்ப வரும்?"

மீதி இல்லைம்மா, முடிந்துவிட்டது என்றேன்.

"அப்ப அந்த அண்ணன் என்ன ஆனான்?"

திருப்பி வாங்கிப் படித்துப் பார்த்தேன். அவள் கேட்டது நியாயம்தான். கிளினிக் வெளிச்சத்தில் படிக்கும் தங்கையை ஒரு டாக்டர் பார்க்கிறார், மனம் இளகுகிறார், அம்மாவுக்குத் தன் வீட்டில் வேலையும் தங்க இடமும் கொடுக்கிறார், கடைசி வரியில் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். பாட்டி வீட்டுக்குப் போன அண்ணனைக் கதாசிரியர் அங்கேயே மறந்துவிட்டார். அப்பாவையும்தான். எழுதியவர் மறந்ததைப் படித்தவள் மறக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கும் ஓர் அண்ணன் இருக்கிறான். அவன் ஓர் இல்லத்தில் தங்கிப் படிக்கிறான். பள்ளி விடுமுறையில்தான் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

கிள்ளான் வாசகருக்கும் எனக்கும் வித்தியாசம் இங்கேதான். கதையில் சோகம் அதிகம் என்கிறார் அவர். எனக்கு அந்த முடிவுதான் உறுத்துகிறது. அந்த டாக்டர் தமிழ்ச் சிறுவர் கதைகளில் ரொம்ப காலமாக வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் ஜமீன்தாராக இருந்தார், இப்போது கிளினிக் வைத்திருக்கிறார். சுங்கை சிப்புட் கிளினிக்குகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர்கள் நல்லவர்கள்தான், ஆனால் யாரும் மருந்தோடு வீட்டுச் சாவியைச் சேர்த்துக் கொடுத்ததில்லை. அந்தப் பெண் இந்தக் கதையை நம்பினால் எந்தக் கார் வந்து நிற்கும் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நம்பிக்கை தருகிற விஷயம் எங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறது. வீட்டு முன்பணத்துக்காக மைலோ டின்னில் ஓர் அம்மா காசு சேர்ப்பது ஒரு கதை. அதை எடுத்து ஒரு தடவை மருந்து வாங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது அதைவிட நல்ல கதை. மூன்று ஊரில் பிரிந்திருக்கும் குடும்பம் சனிக்கிழமை ராத்திரி போனில் பேசுவது இன்னொன்று, யார் முதலில் பேசுவது என்று அதில் சண்டையும் வரும். கதை முடிகிறபோது வீடு கிடைக்காமலே போகட்டும். அண்ணனும் தங்கையும் பஸ் நிலையத்தில் சந்தித்து, ஒரு ரொட்டி சானாயைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த விடுமுறைக்கு எந்த பஸ் என்று பேசி வைத்துக்கொண்டு பிரிந்தால் அதுவே என் வேன் பிள்ளைகளுக்குப் போதும். அப்பாவைக் குடிகாரராகக் காட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாமே. குடிக்காத அப்பாக்களுக்கும் வேலை போகிறது.

யாராவது எழுத முன்வந்தால் என்னிடம் ஒரு கதை இருக்கிறது. பன்னிரண்டு வயதானால் மைகாட் என்கிற அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பதிவிலாகாவுக்குப் போய் வந்து, படத்தில் கண் மூடிவிட்டது, காது பெரிதாக விழுந்துவிட்டது என்று காட்டிக்கொண்டு திரிவார்கள். ஒரு பையன் மட்டும் என் கார்டு வீட்டில் இருக்கிறது என்பான். இருக்காது. அவன் அப்பா இந்த நாட்டுக்காரர், அம்மா வெளிநாட்டுக்காரர். கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. முஸ்லிம் அல்லாதவர் கல்யாணத்தைப் பதிந்தாக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் தாலி கட்டினால் போதும் என்று இருக்கிறவர்கள் உண்டு. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை வராது. பிறப்பையும் 60 நாளுக்குள் பதியாவிட்டால் அலைச்சல் தனி. இந்தப் பையனுக்காக ஒரு டீச்சர் லீவு போட்டுவிட்டுப் பாட்டியையும் அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய் வந்தார். என்ன பேப்பர் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கவுண்டரில் எழுதிக் கொடுத்தார்கள். பையன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், வேனில் எடுத்து எடுத்துப் பார்த்தான். கார்டு இன்னும் வரவில்லை. இதைக் கதையாக எழுதினால் பிள்ளைகளும் படிப்பார்கள், படித்துவிட்டு நாலு அப்பா அம்மாக்கள் கல்யாணத்தைப் பதியவும் போவார்கள். பையனின் பெயரையும் பள்ளியையும் கேட்டு மட்டும் யாரும் எனக்குப் போன் போட வேண்டாம்.

பள்ளியில் 'நிலாம்' வாசிப்புப் பதிவேடு உண்டு. படித்த கதையின் தலைப்பு, சுருக்கம், படிப்பினை எல்லாம் எழுத வேண்டும். எந்தக் கதையைப் படித்தாலும் 'பெரியோர் சொல் கேட்க வேண்டும்' என்று எழுதிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள், எனக்குத் தெரிந்து எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். உங்கள் கதைக்கு அந்தப் பெண் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? படிப்பினை என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சுருக்கத்தில் 'அண்ணன் வரவில்லை' என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

ஆகவே ஐயா, அந்தக் கதையைத் தொடர்கதையாக்க முடியுமா என்று எழுதியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் தோட்டங்களில் இருந்து வந்த பெரியவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். எங்கள் பக்கம் எல்பில், டோவன்பி, ஹீவூட் ஆட்கள் வாய் திறந்தால் ஒரு வருஷத்துக்குப் பக்கம் நிரம்பும். பிள்ளைகளே எழுதி அனுப்பினால் அவர்கள் படத்தை மட்டும் போட வேண்டாம், பெயரும் முதல் எழுத்தோடு நிற்கட்டும். கிள்ளான் நண்பருக்காகத் தெனாலிராமனும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. சிறுவர் பக்கத்தின் பின்புறத்தில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் அச்சிடுகிறீர்கள். இந்தப் பெண் கதையைக் கொண்டுபோய்விட்டதால், தன் மாமனாரின் வருஷாப்தப் படம் போய்விட்டது என்று எங்கள் குடியிருப்பு (தாமான்) அம்மா ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவருக்கு வேறு பேப்பர் வாங்கிக் கொடுத்தேன். அந்த விளம்பரத்தை வேறு பக்கத்துக்கு மாற்றினால் இரண்டு தரப்புக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்